தண்ணீரை வைத்து அறிவியல் சோதனை செய்வது எப்படி? வீட்டில் செய்து பார்க்க முழுமையான வழிகாட்டி

பள்ளி அறிவியல் கண்காட்சியில் எரிமலை மாதிரி இல்லாத வரிசையைப் பார்ப்பது அரிது. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றுவார்கள், சிவப்புச் சாயம் கலந்த நுரை பொங்கி வழியும், எல்லோரும் கைதட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சோதனை என்று சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. என்ன நடக்கும் என்பது ஊற்றுகிற பிள்ளைக்கு முன்பே தெரியும் என்பதால் அது வெறும் செய்து காட்டுதல். சோதனைக்கு விடை தெரியாத ஒரு கேள்வி வேண்டும். நாம் நினைத்தது தவறாகிப் போகவும் அதில் இடம் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட சோதனையைப் பழகத் தண்ணீரைவிட நல்ல பொருள் கிடையாது. செலவில்லை, ஆபத்து குறைவு, எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். அதோடு, நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாகத் தண்ணீர் அடிக்கடி நடந்துகொள்ளும். பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்கும்; தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போய், 4 டிகிரி செல்சியஸில் உச்சத்தைத் தொட்டு, அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடி குறையத் தொடங்கும். இப்படிப்பட்ட பொருளிடம் கேள்வி கேட்டால் சுவாரசியமான பதில் வரும்.

கீழே உள்ள சோதனைகளைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் செய்யலாம். வெந்நீர் வரும் இடங்களில் மட்டும் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது, ஏனென்றால் முதல் சோதனையில் பழகிய முறை அடுத்ததற்குத் தேவைப்படும்.

தொடங்கும் முன்

வேண்டியவை: ஒரே அளவுள்ள சில கண்ணாடி டம்ளர்கள், ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சு (2 அல்லது 5 மி.லி.), சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு நிறுத்தக் கடிகாரம் (கைபேசியில் இருப்பதே போதும்), ஒரு வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது, அது ஏறத்தாழ 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும். பள்ளி ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் மைனஸ் 10 முதல் 110 டிகிரி வரை அளக்கும் வெப்பமானி கிடைக்கும். பாதரசம் உள்ளதை வாங்க வேண்டாம், சிவப்புச் சாராயம் நிரப்பியதே போதும். உடைந்தால் பாதரசத்தை வீட்டில் சுத்தம் செய்வது பெரும்பாடு.

வாங்கியதும் அதை நம்பிவிடாதீர்கள். பனிக்கட்டியை நொறுக்கி, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கலக்கிச் சில நிமிடம் விடுங்கள். அதில் வெப்பமானி 0 காட்ட வேண்டும். 1 காட்டினால் உங்கள் வெப்பமானி 1 டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, பின்னால் எடுக்கும் அளவுகளிலிருந்து அதைக் கழித்துவிடலாம். ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் தன் அளவுகோலை அமைத்தபோது பிடித்துக்கொண்ட இரண்டு நிலைகளில் ஒன்று இது, மற்றது தண்ணீர் கொதிக்கும் நிலை. அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் தலைகீழாகத்தான் வைத்திருந்தார், பிறகுதான் அது திருப்பப்பட்டது. கொதிநிலையை வைத்துச் சரிபார்ப்பதாக இருந்தால் நீங்கள் இருக்கும் ஊரின் உயரத்தையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை 1 டிகிரி குறையும். சென்னையில் 100ஐ ஒட்டிக் கொதிக்கும் தண்ணீர், 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

அப்புறம் ஒரு நோட்டு. தராசைவிடவும் வெப்பமானியைவிடவும் முக்கியமான கருவி அதுதான். ஒவ்வொரு சோதனைக்கும் கையை நனைப்பதற்கு முன்பே இவற்றை எழுதிவிடுங்கள்: என் கேள்வி என்ன? என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், ஏன்? எதை மட்டும் மாற்றப்போகிறேன்? எதை அளக்கப்போகிறேன்? எவையெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும்? இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான் பாடப்புத்தகத்தில் கருதுகோள் என்கிறார்கள். முடிவு தெரிந்த பிறகு எழுதினால் "நான் அப்போதே நினைத்தேன்" என்று மனம் நம்மை ஏமாற்றிவிடும், அதனால்தான் முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன். பேனாவால் எழுதுங்கள். தவறாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடியுங்கள், அழிக்க வேண்டாம். வேண்டாம் என்று அடித்த எண்தான் பிறகு தேவைப்படும்.

முதல் சோதனை: நாணயத்தின் மேல் எத்தனை சொட்டு?

ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தின் மேல், வழியாமல் எத்தனை சொட்டுத் தண்ணீர் நிற்கும்? வீட்டில் எல்லோரையும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஐந்து, பத்து என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

1. நாணயத்தை சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு துளியும் இல்லாமல் அலசி, துடைத்து, மட்டமான இடத்தில் வையுங்கள். விரல் எண்ணெய் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள்.
2. சிரிஞ்சில் தண்ணீரை எடுத்து, நாணயத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நேராகப் பிடித்து, ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். உயரம் கடைசிவரை மாறக் கூடாது.
3. தண்ணீர் உடைந்து வழியும் சொட்டுக்கு முந்தைய சொட்டு வரை எண்ணுங்கள்.
4. துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். மொத்தம் ஐந்து முறை.

தண்ணீர் குமிழ் போல நாணயத்தின் விளிம்புக்கு மேலே உப்பி நிற்பதைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். எண்ணிக்கை இருபதை ஒட்டியோ அதைத் தாண்டியோ போகும். முதல் பாடம் அங்கே இல்லை, ஐந்து முறையும் ஐந்து விதமான எண் வருவதில் இருக்கிறது. பிள்ளைகள் "எது சரியான விடை?" என்று கேட்பார்கள். ஐந்தும் சரிதான். ஒரே மாதிரி செய்தாலும் அளவுகள் சிதறும் என்பது இயற்கையின் இயல்பு, அந்தச் சிதறல் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

இப்போது கேள்வியை மாற்றலாம். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்தால் எண்ணிக்கை என்ன ஆகும்? நாணயம், சிரிஞ்சு, உயரம் எல்லாம் அதே. எடுத்துக்காட்டாக, வெறும் தண்ணீருக்கு 21, 24, 19, 26, 23 என்றும், சோப்புத் தண்ணீருக்கு 12, 14, 11, 13, 12 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 22.6, 12.4. சராசரியை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். வெறும் தண்ணீரின் மிகக் குறைந்த எண்ணான 19கூட, சோப்புத் தண்ணீரின் மிகப் பெரிய எண்ணான 14க்கு மேலேதான் இருக்கிறது. இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று கலக்கவில்லை, ஆகவே வித்தியாசம் உண்மையானது. ஒரு பக்கம் 19 முதல் 26, மறுபக்கம் 17 முதல் 24 என்று வந்திருந்தால், இன்னும் பல முறை செய்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

இதில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. சொட்டின் அளவும் தண்ணீரின் அதே பண்பைப் பொறுத்ததுதான். சோப்புத் தண்ணீரின் சொட்டு, வெறும் தண்ணீரின் சொட்டைவிடச் சிறியது. ஒன்றை மட்டும் மாற்றினோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது நமக்குத் தெரியாமல் இன்னொன்றும் மாறிவிட்டது. வெறும் தண்ணீரில் 2 மி.லி. எடுத்து எத்தனை சொட்டு வருகிறது என்று எண்ணுங்கள், சோப்புத் தண்ணீருக்கும் அதையே செய்யுங்கள். சொட்டுக் கணக்கை மி.லி. கணக்காக மாற்றிப் பார்த்தால், உண்மையான வித்தியாசம் சொட்டுகள் காட்டியதைவிடப் பெரியது என்பது தெரியும். இந்த மாதிரி ஒளிந்திருக்கும் இரண்டாவது மாற்றத்தைத் தேடுவதுதான் சோதனை செய்பவரின் முக்கிய வேலை.

சரி, தண்ணீர் ஏன் உப்பி நிற்கிறது? தண்ணீர் மூலக்கூறில் ஒரு ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் நேர்கோட்டில் இல்லாமல், ஏறத்தாழ 104.5 பாகை கோணத்தில் வளைந்து நிற்கின்றன. ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின் தன்மை. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனால் ஈர்க்கப்படுகிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாத் திசையிலும் அண்டை மூலக்கூறுகள் இழுக்கின்றன. மேற்பரப்பில் உள்ளதற்கு மேலே துணை இல்லை, அதனால் உள்நோக்கி இழுபட்டு, பரப்பைச் சுருக்கப் பார்க்கிறது. இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். 25 டிகிரியில் தண்ணீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன், சாராயத்துக்கு 22தான். சோப்பு மூலக்கூறுகள் மேற்பரப்பில் வந்து அடைத்துக்கொண்டு இந்த இழுவையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகின்றன.

சமையலறைச் சோதனை என்றால் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஆக்னஸ் பொக்கெல்ஸ் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1862இல் பிறந்தவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டு வேலை செய்தவர். அந்தக் காலத்தில் பெண்களுக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாது. பாத்திரம் கழுவும் தண்ணீரின் மேற்பரப்பில் எண்ணெயும் சோப்பும் என்ன செய்கின்றன என்று கவனித்து, ஒரு தகரத் தொட்டியில் மேற்பரப்பைக் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்து, பரப்பு இழுவிசையை அளக்கும் கருவியைத் தானே உருவாக்கினார். தன் அளவுகளை விவரித்து 1891இல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். அதைப் படித்த ரேலி, 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூர் பயன்படுத்திய தொட்டிக்கு முன்னோடி, பொக்கெல்ஸின் தொட்டி.

இரண்டாவது சோதனை: பனிக்கட்டியும் பனிநீரும் ஒன்றா?

இது சின்னச் சோதனை, ஆனால் கணக்கும் கைவேலையும் ஒன்று சேர்வதைப் பார்க்கலாம். இரண்டு தெர்மோகோல் கப்புகளில் 50 டிகிரி வெந்நீர் தலா 200 கிராம் எடுங்கள். ஒன்றில் 0 டிகிரியில் உள்ள பனிநீர் 50 கிராம் ஊற்றுங்கள். மற்றதில் 50 கிராம் பனிக்கட்டி போடுங்கள். பனிக்கட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் போடக் கூடாது, அது மைனஸ் 15 டிகிரிகூட இருக்கலாம். மேலே ஈரம் கசிந்து பளபளக்கும்வரை வெளியே வைத்து, துணியால் ஒற்றிவிட்டுப் போட்டால் ஏறத்தாழ 0 டிகிரி. கலக்கிக்கொண்டே இருந்து, முழுவதும் உருகியதும் வெப்பநிலையைப் பாருங்கள்.

இரண்டிலும் சேர்த்தது ஒரே எடை, ஒரே வெப்பநிலை. திரவமா திடமா என்பது மட்டும் வேறு. ஆனால் பனிநீர் ஊற்றியது 40 டிகிரியை ஒட்டி நிற்கும், பனிக்கட்டி போட்டது 24ஐ ஒட்டி இறங்கிவிடும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் போதும், ஒரு கிராம் பனிக்கட்டியை வெப்பநிலை ஏறாமல் வெறுமனே உருக்குவதற்கே 334 ஜூல் வேண்டும். அந்த வெப்பத்தில் அதே ஒரு கிராம் தண்ணீரை 0விலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் 1760களின் தொடக்கத்தில் கண்டறிந்த இந்த மறைந்த வெப்பத்தைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். உங்களுக்கு 24க்குப் பதில் 22 வந்தால் கவலை வேண்டாம். கப்பு, காற்று, கலக்கும் கரண்டி எல்லாமே வெப்பத்தில் பங்கு கேட்கும். எவர்சில்வர் டம்ளரில் செய்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பதே அடுத்த கேள்வியாக இருக்கலாம்.

மூன்றாவது சோதனை: உப்புத் தண்ணீரில் பனிக்கட்டி வேகமாக உருகுமா?

எனக்கு மிகவும் பிடித்தது இது. இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதையே செய்யுங்கள்.

இரண்டு ஒரே மாதிரி கண்ணாடி டம்ளர்களில் 200 மி.லி. தண்ணீர். ஒன்றில் 40 கிராம் உப்பைப் போட்டு முழுவதும் கரையுங்கள். கல் உப்பு கிடைத்தால் நல்லது. தூள் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருட்களால் தண்ணீர் லேசாகக் கலங்கித் தெரியும். உப்பு கரையும்போது தண்ணீர் கொஞ்சம் குளிரும். ஆகவே இரண்டு டம்ளரும் அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்து, வெப்பமானியால் உறுதிசெய்துகொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் உப்பை மட்டும் மாற்றினேன் என்று சொல்லவே முடியாது. பிறகு ஒரே தட்டில் உறைந்த, ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளை ஒரே நேரத்தில் போட்டு, அசைக்காமல், எது முதலில் உருகி முடிகிறது என்று நேரம் பாருங்கள்.

கணிப்பை எழுதிவிட்டீர்களா? பனி விழும் நாடுகளில் சாலையில் உப்பைத் தூவி உருக்குவதைக் கேள்விப்பட்டவர்கள் உப்புத் தண்ணீர்தான் ஜெயிக்கும் என்பார்கள். நடப்பது நேர்மாறு. சாதாரணத் தண்ணீரில் உள்ள கட்டி தெளிவாக முன்னால் உருகி முடிந்துவிடும், உப்புத் தண்ணீரில் உள்ளது நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுவார்கள். உண்மையில் சோதனை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏன் அப்படி? மறுபடி இரண்டு டம்ளர், அதே உப்பு, அதே அளவு. இந்த முறை பனிக்கட்டியைச் சமையல் நிறமி கலந்து உறைய வையுங்கள். சாதாரணத் தண்ணீரில் நிறம் கோடு கோடாக அடியை நோக்கி இறங்கும். உப்புத் தண்ணீரில் நிறம் கீழே போகாமல், மேலேயே ஒரு பட்டையாகத் தங்கிவிடும். உருகி வரும் குளிர்ந்த நீர், அறை வெப்பநிலையில் உள்ள சாதாரண நீரைவிட அடர்த்தி கூடியது, அதனால் மூழ்கிப்போய் வெதுவெதுப்பான நீருக்கு இடம் விடுகிறது. உப்பு நீரோ அதைவிட அடர்த்தி மிகுந்தது. உருகிய நீர் அதன் மேல் மிதந்து, பனிக்கட்டியைச் சுற்றி ஒரு குளிர்ந்த போர்வை போல நின்றுவிடுகிறது. கீழே உள்ள வெப்பம் கட்டியை எட்டுவதில்லை.

நல்ல விளக்கம்தான். ஆனால் கேட்க நன்றாக இருப்பதால் மட்டும் ஒரு விளக்கம் சரியாகிவிடாது. அது சரி என்றால் வேறு என்ன நடந்தாக வேண்டும் என்று கேளுங்கள். குளிர்ந்த நீர் மேலே தங்குவதுதான் காரணம் என்றால், இரண்டு டம்ளரையும் ஒரே வேகத்தில் கலக்கிக்கொண்டே இருந்தால் உப்புத் தண்ணீரின் பின்னடைவு மறைந்துவிட வேண்டும். கலக்கிப் பாருங்கள். மறையவில்லை என்றால் நம் விளக்கத்தைத் தூக்கி எறிய வேண்டியதுதான். இப்படித் தோற்றுப்போகக்கூடிய ஒரு கணிப்பை விளக்கத்திடமிருந்து கறந்து எடுப்பதுதான் அறிவியல் முறையின் உயிர்நாடி.

இன்னொரு கணிப்பும் இருக்கிறது, அதன் விடையை நான் சொல்லப்போவதில்லை. பனிக்கட்டியை ஒரு டீ வடிகட்டியால் அமுக்கி, டம்ளரின் அடியிலேயே பிடித்து வைத்தால்? இரண்டு டம்ளரிலும் உருகிய நீர் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்து, யார் ஜெயிப்பார் என்று எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

இந்த டம்ளரில் நடப்பது வங்காள விரிகுடாவிலும் நடக்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா போன்ற ஆறுகளும் மழையும் கொண்டுவரும் நன்னீர், குறிப்பாக விரிகுடாவின் வடபகுதியில், உப்பு மிகுந்த கடல்நீரின் மேல் ஒரு படலமாகத் தங்குகிறது. கீழே உள்ள குளிர்ந்த நீர் மேலே கலந்து வருவதை அது தடுப்பதால் கடற்பரப்பு வெதுவெதுப்பாகவே இருக்கிறது. புயல்கள் அங்கே வலுப்பெறுவதைப் புரிந்துகொள்ள விரும்பும் ஆய்வாளர்கள் இந்தப் படலத்தை ஊன்றிக் கவனிக்கிறார்கள்.

நான்காவது சோதனை: மண்பானை எவ்வளவு குளிர்விக்கும்?

பானைத் தண்ணீர் குளிரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு, எதனால், எப்போது குளிராது என்று கேட்டால்தான் சோதனை தொடங்கும்.

ஒரே அளவுள்ள இரண்டு சிறிய மண்பானைகள், மூடியோடு. புதுப் பானை என்றால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள், இல்லாவிட்டால் பானையே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு எடைக் கணக்கைக் குழப்பும். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதன் வெளிப்புறத்தை பிளாஸ்டிக் உறையால் காற்றுப் புகாமல் இறுக்கமாகச் சுற்றுங்கள். மூன்றாவதாக, அதே கொள்ளளவுள்ள ஒரு எவர்சில்வர் பாத்திரம். மூன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர், ஒரே வெப்பநிலையில். நிழலில், ஒரே காற்றோட்டத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றையும் எடை போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு முறை, ஆறு மணி நேரம், வெப்பநிலையும் அறையின் வெப்பநிலையும் குறியுங்கள். கடைசியில் மறுபடி எடை.

பிளாஸ்டிக் சுற்றிய பானை எதற்கு? எவர்சில்வரோடு மட்டும் ஒப்பிட்டால், "மண் என்பதால் குளிர்ந்தது" என்று ஒருவர் வாதாடலாம், "சுவர் தடிமனாக இருப்பதால்" என்று இன்னொருவர் சொல்லலாம். உறை சுற்றிய பானையில் மண்ணும் இருக்கிறது, தடிமனும் இருக்கிறது. தண்ணீர் வெளியே கசிந்து ஆவியாவது மட்டும் இல்லை. அது குளிரவில்லை என்றால் அந்த வாதங்கள் இரண்டும் விழுந்துவிடும். இதைத்தான் கட்டுப்பாட்டுச் சோதனை என்கிறோம். சோதனை வடிவமைப்பில் பிள்ளைகளுக்குப் புரியவைக்கக் கடினமான பகுதி இதுதான், பானை அதை எளிதாக்கிவிடுகிறது.

எடையைப் பார்த்தால் கணக்கும் போடலாம். 30 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,430 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 10 கிராம் ஆவியானால் 24,300 ஜூல். வெளியிலிருந்து வெப்பம் எதுவும் உள்ளே வரவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்விக்க அது போதும். உங்கள் பானை இழந்த எடை இதைவிட நிறைய இருக்கும், ஆனால் குளிர்ச்சி அந்த அளவுக்கு இருக்காது. சூடான அறைக்காற்று ஓயாமல் பானைக்குள் வெப்பத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அப்படி.

பானை எவ்வளவு தூரம்தான் குளிர முடியும்? அதற்கும் ஒரு எல்லை உண்டு, அதை அளக்கவும் முடியும். வெப்பமானியின் குமிழில் ஈரப் பஞ்சைச் சுற்றி மின்விசிறிக்கு முன்னால் பிடியுங்கள். எண் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை, நிழலில் உள்ள பானைத் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 24. காற்று 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் சுமார் 29. உள்மாவட்டத்துக் கோடையில் தொண்டையைக் குளிர்விக்கும் பானை, கடற்கரை ஊரின் புழுக்கத்தில் ஏமாற்றுவது இதனால்தான். வேலூரில் இருக்கும் உறவினரையும் நாகப்பட்டினத்தில் இருக்கும் நண்பரையும் ஒரே நாளில் இதே சோதனையைச் செய்யச் சொல்லி ஒப்பிட்டால் அருமையான பள்ளித் திட்டப்பணி கிடைக்கும். பானையை ஈர மணலின் மேல் வைக்கும் வழக்கம் உண்மையிலேயே உதவுகிறதா என்றும் இதே முறையில் சோதிக்கலாம்.

ஐந்தாவது சோதனை: உங்கள் வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மை

போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது பலருக்கும் அன்றாடத் தலைவலி. கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாக மாறிவிடுவதால் அப்படி ஆகிறது. ஒரே மாதிரி பாட்டில்களில் தலா 100 மி.லி. போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், மழைநீர், கேன் தண்ணீர் எடுங்கள். மின்கல பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் ஒரு பாட்டில், அதில் தாது உப்புகள் நீக்கப்பட்டிருப்பதால் ஒப்பீட்டுக்கு உதவும், குடிக்கக் கூடாது. குளியல் சோப்பைச் சீவி பேட்டரித் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலை ஒவ்வொரு பாட்டிலிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடிக் குலுக்குங்கள். ஒரு சென்டிமீட்டர் நுரை ஒரு நிமிடம் கலையாமல் நிற்க எத்தனை சொட்டு தேவைப்பட்டது என்பதுதான் அளவு. ஷாம்பூவோ பாத்திரம் கழுவும் திரவமோ வேண்டாம், அவை கடின நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை.

போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை எடுத்து மறுபடி செய்யுங்கள். சொட்டுக் கணக்கு குறைந்தால், குறைந்த அளவு பைகார்பனேட்டால் வந்த தற்காலிகக் கடினத்தன்மை. பாத்திரத்தின் அடியில் படிந்த வெள்ளைப் படலம் அதுதான். மிச்சம் நிரந்தரக் கடினத்தன்மை. கடைகளில் விற்கும் டிடிஎஸ் மீட்டர் இதைப் பிரித்துச் சொல்லாது. அது தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளைக் கணித்துச் சொல்கிறது. சமையல் உப்பும் சுண்ணாம்பும் அதற்கு ஒன்றுதான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் இரண்டுக்கும் தனித்தனி வரம்பு இருக்கிறது: கரைந்த மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம், கடினத்தன்மை 200 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாத இடங்களில் முறையே 2,000, 600 வரை அனுமதி உண்டு. சோப்புச் சொட்டு முறை எந்தத் தண்ணீர் கூடுதல் கடினம் என்று ஒப்பிடத்தான் உதவும். குடிக்கத் தகுந்ததா என்று முடிவுசெய்ய ஆய்வகச் சோதனைதான் வேண்டும்.

முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டால்

எண்ணை மாற்றாதீர்கள், மீண்டும் செய்யுங்கள். அதே விதமாக வந்தால் கருவியைச் சந்தேகியுங்கள்: வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொட்டதா, அளந்த ஆழம் ஒவ்வொரு முறையும் ஒன்றா, தராசு மட்டமாக இருந்ததா?

ஆழம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1963இல் தான்சானியாவில் எராஸ்டோ ம்பெம்பா என்ற பள்ளி மாணவர், ஐஸ்கிரீம் செய்யும்போது சூடான கலவை ஆறியதைவிட முன்னால் உறைந்ததைக் கவனித்தார். வகுப்பில் கேலி செய்தபோதும் அவர் கேள்வியை விடவில்லை. இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னோடு சேர்ந்து 1969இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். வெந்நீர் முன்னால் உறையுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 2016இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் இருவர் இதை அலசியபோது, வெப்பமானி வைத்த உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவு வேறுபாடு இருந்தாலே அந்த விளைவு இருப்பதுபோலத் தோன்றிவிடும் என்று காட்டினார்கள். நீங்களும் உங்கள் ஃப்ரீசரில் செய்து பார்க்கலாம். வெப்பமானியை ஒரு குச்சியில் கட்டி, இரண்டு பாத்திரத்திலும் ஒரே ஆழத்தில் நிற்கும்படி செய்த பிறகு தொடங்குங்கள். "உறைந்தது" என்றால் முதல் படலம் தோன்றுவதா, முழுவதும் கட்டியாவதா என்பதையும் முதலிலேயே நோட்டில் எழுதிவிடுங்கள்.